காப்பு இருந்தும் வீழ்ந்த ஃபைட்டர்: டெத் வார்டு மந்திரம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே ஆராயப்படும் நிகழ்வு, இரண்டே சுற்றுகளில் முடிந்துபோன ஒரு சண்டை. மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் விளையாட்டு டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ். அதன் ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டு விதிகளைப் பின்பற்றி நடந்த ஆட்டத்தில், ஏழாம் நிலையில் இருந்த ஹாஃப்-ஆர்க் ஃபைட்டர் (பாதி ஆர்க் இனத்தைச் சேர்ந்த போர்வீரர்) ஒருவர் இறந்துபோனார். மரணத்தைத் தடுக்கும் டெத் வார்டு மந்திரம் அவர்மீது போடப்பட்டிருந்தது. ஹாஃப்-ஆர்க் இனத்துக்கே உரிய, வீழ்ச்சியிலிருந்து ஒருமுறை தாங்கிப்பிடிக்கும் ரிலென்ட்லெஸ் என்டியூரன்ஸ் என்ற திறனும் அன்று முழுவதும் தொடப்படாமல் இருந்தது. இரண்டு காப்புகள் இருந்தும் அவர் இறந்தார். அவற்றில் ஒன்று கையில் மிச்சமிருக்கும்போதே இறந்தார். ஆட்டத்தை நடத்திய டன்ஜன் மாஸ்டர் நான். ஃபைட்டருக்குச் சாதகமாக இருக்கட்டும் என்று நினைத்து நான் கொடுத்த ஒரு தீர்ப்பே அவருடைய கடைசி வாய்ப்பைப் பறித்துவிட்டது என்பது எனக்கு மறுநாள்தான் புரிந்தது.

விதியைச் சரியாகப் படிக்காததால் நேர்ந்த சாதாரணப் பிழை என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த மந்திரத்தின் விதி வாசகத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். அன்று காலையிலும் படித்தேன். அப்படியிருந்தும் பிழை நேர்ந்ததென்றால், மரணத்தைத் தடுக்கும் மந்திரங்களை நாம் மனத்தில் வாங்கிக்கொள்ளும் முறையிலேயே ஏதோ கோளாறு இருக்கிறது. அந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

குழுவில் நான்கு பேர்: ஃபைட்டர், கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடுபவர்), விஸார்டு (மந்திரவாதி), ரோக் (மறைந்து தாக்குபவர்). எல்லோரும் ஏழாம் நிலை. ஏழாம் நிலைக் கிளெரிக்குக்கு நான்காம் நிலை மந்திரம் போடுவதற்கான ஸ்லாட் (ஒருமுறை போட்டால் செலவாகிவிடும் வாய்ப்பு) ஒன்றே ஒன்றுதான் உண்டு. பாழடைந்த கோட்டைக்குள் நுழைவதற்கு முன்பே அந்த ஒற்றை ஸ்லாட்டைச் செலவழித்து, கிளெரிக் தன் கையால் ஃபைட்டரைத் தொட்டு டெத் வார்டு போட்டார். அந்த மந்திரம் எட்டு மணி நேரம் நீடிக்கும், கான்சன்ட்ரேஷன் (மந்திரம் நீடிக்க அதிலேயே மனத்தை நிறுத்துவது) தேவையில்லை, விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். எப்போதும் முன்வரிசையில் நிற்பவருக்கு அதைப் போட்டுவைத்தது நல்ல முடிவு என்றே இன்றும் சொல்வேன். இறந்தவரை ஒரு நிமிடத்துக்குள் எழுப்பும் ரிவிவிஃபை மந்திரத்துக்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும். அது குழுவிடம் இல்லை. ஆகவே அந்த ஒரு தொடுதலை நம்பித்தான் அவர்கள் உள்ளே போனார்கள்.

முதல் கூடத்தில் ரெய்த் என்ற பேய் ஒன்று இருந்தது. ஃபைட்டரின் ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்குவார் என்பதைக் காட்டும் எண்) உச்சவரம்பு 60. அப்போது முழுதாக 60 இருந்தது. ரெய்த்தின் லைஃப் டிரெயின் தாக்குதல் பட்டால் நான்கு எட்டுமுகப் பகடைகளோடு 3 கூட்டி நெக்ரோட்டிக் சேதம் விளையும். பகடை உருட்டாமல் சராசரியாக 21 என்று வைத்துக்கொள்ளவும் விதி இடம்தருகிறது. நான் எப்போதும் சராசரியையே வைத்துக்கொள்பவன். தாக்குதல் பட்டவர் 14 என்ற இலக்கை எட்டும் கான்ஸ்டிடியூஷன் சேவிங் த்ரோவை (உடல் உறுதியால் தப்பிக்க, இருபதுமுகப் பகடையோடு தன் கூட்டெண்ணைச் சேர்க்கும் உருட்டல்) உருட்ட வேண்டும். தவறினால், வாங்கிய சேதம் எவ்வளவோ அவ்வளவு அவருடைய உச்சவரம்பே குறைந்துவிடும். நீண்ட ஓய்வு எடுக்கும்வரை அந்தக் குறைவு தீராது. உச்சவரம்பு பூஜ்யத்தைத் தொட்டால் மரணம். அன்று ஃபைட்டர் இரண்டு அடிகள் வாங்கினார். இரண்டு சேவிங் த்ரோக்களிலும் தவறினார். உச்சவரம்பு 60லிருந்து 39 ஆகி, பிறகு 18 ஆனது. கையிருப்பும் அதே கணக்கில் 18. அதன்பின் ரெய்த் சுவருக்குள் புகுந்து மறைந்துவிட்டது. காயம்பட்டவரைப் போலவே தோன்றாத ஒருவரோடு குழு அடுத்த கூடத்துக்குப் போனது. கையிருப்பும் உச்சவரம்பும் ஒன்றாக இருந்ததால், அவருடைய பாத்திர விவரத் தாளைப் பார்க்கிறவர்களுக்கு “முழு உடம்போடு இருக்கிறார்” என்றே தோன்றியது. 18 என்ற அந்த எண் எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை மேசையைச் சுற்றியிருந்த ஐந்து பேரில் ஒருவரும் எண்ணிப்பார்க்கவில்லை.

அடுத்த கூடத்தில் பான்ஷி என்ற ஓலமிடும் பெண்பேய். அதன் ஓலம் முப்பது அடிக்குள் இருந்து கேட்கிற எல்லோரையும் தாக்கும். 13 என்ற இலக்குள்ள கான்ஸ்டிடியூஷன் சேவிங் த்ரோவில் தவறியவர் பூஜ்ய ஹிட் பாயிண்டுக்கு விழுவார். தப்பியவருக்கு 10 சைக்கிக் சேதம். கிளெரிக் தப்பினார், விஸார்டு விழுந்தார், ரோக் எட்டாத தூரத்தில் இருந்தார். ஃபைட்டர் உருட்டியது 6. அவருடைய கூட்டெண் 5. மொத்தம் 11, போதவில்லை. உடனே அவர், “என் மேல டெத் வார்டு இருக்கே!” என்றார். நான் ஒரு கணமும் தயங்காமல், “ஆமாம், மந்திரம் வேலை செய்கிறது; உங்களிடம் ஒரு ஹிட் பாயிண்ட் இருக்கிறது, வார்டு கலைந்தது” என்றேன். மேசையில் எல்லோருக்கும் நிம்மதி. கிளெரிக்காக ஆடியவர் தன் தாளில் டெத் வார்டு என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

அடுத்து ரெய்த்தின் முறை. சுவரிலிருந்து வெளியே வந்து ஃபைட்டரைத் தாக்கியது; பட்டது; சேதம் 21. ஃபைட்டராக ஆடியவர் பதறவில்லை. ரிலென்ட்லெஸ் என்டியூரன்ஸ் இருக்கிறது என்று தன் தாளைக் காட்டினார். நான் அந்த வரியை உரக்கப் படித்தேன்: பூஜ்ய ஹிட் பாயிண்டுக்கு வந்தும் நேரடியாகக் கொல்லப்படாத நிலையில்தான் அத்திறனைப் பயன்படுத்தலாம். பிறகு கணக்குப் போட்டோம். கையிருப்பு 1, சேதம் 21, மீதி 20. சேதம் ஒருவரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகும் எஞ்சி, அந்த எச்சம் அவருடைய உச்சவரம்புக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் உடனடி மரணம். உச்சவரம்பு 18. இருபது பதினெட்டைவிடப் பெரியது. ஃபைட்டர் நேரடியாகக் கொல்லப்பட்டார்; கையில் இருந்த திறன் பயன்படவில்லை. அந்த இடத்திலேயே அன்றைய ஆட்டத்தை நிறுத்தினோம்.

மறுநாள் கிளெரிக்காக ஆடியவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “ஓலம் சேதம் எதையும் கொடுக்கவில்லையே, பிறகு வார்டு ஏன் கலைந்தது?”

டெத் வார்டின் 2014ஆம் ஆண்டு வாசகத்தில் இரண்டு பிரிவுகள் உள்ளன. முதலாவது: மந்திரம் பெற்றவர் சேதம் அடைந்ததன் விளைவாகப் பூஜ்ய ஹிட் பாயிண்டுக்கு விழவிருக்கும் முதல் தருணத்தில், அதற்குப் பதிலாக ஒன்றுக்கு விழுவார், மந்திரம் முடிந்துவிடும். இரண்டாவது: சேதம் எதையும் விளைவிக்காமல் அவரை உடனடியாகக் கொல்லக்கூடிய ஒரு விளைவுக்கு அவர் ஆளானால், அந்த விளைவு அவர்மட்டில் செல்லாமல் போகும்; மந்திரம் முடிந்துவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் இந்த இரண்டும் சேர்ந்து எல்லாவற்றையும் அடைத்துவிடுகின்றன என்றே தோன்றும்: சேதத்தால் வருவது ஒரு பக்கம், சேதமில்லாமல் வருவது மறுபக்கம். கூர்ந்து பார்த்தால் இரண்டு பிரிவுகளும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை என்பது தெரியும். முதல் பிரிவு பேசுவது பூஜ்யத்துக்கு விழுவதைப் பற்றி. இரண்டாவது பேசுவது இறப்பதைப் பற்றி. பூஜ்யத்துக்கு விழுவதும் இறப்பதும் இந்த விளையாட்டில் வெவ்வேறு. பூஜ்யத்தில் கிடப்பவர் நினைவிழந்தவர், அவ்வளவே. அவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.

பான்ஷியின் ஓலம் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் சரியாகப் பாய்கிறது. சேவிங் த்ரோவில் தவறியவருக்கு அது சேதம் கொடுப்பதில்லை. ஹிட் பாயிண்டை நேரடியாகப் பூஜ்யத்தில் வைக்கிறது. ஆகவே முதல் பிரிவு பொருந்தாது. அது கொல்வதும் இல்லை, வெறுமனே வீழ்த்துகிறது. ஆகவே இரண்டாவது பிரிவும் பொருந்தாது. வேறு சொற்களில், நான்காம் நிலை ஸ்லாட்டைச் செலவழித்துப் போட்ட மந்திரம் அந்த ஓலத்தின் முன்னால் ஒன்றும் செய்யாமல் அப்படியே நிற்க வேண்டும்; கலையவும் கூடாது. இதே இடுக்கில் மூச்சுத்திணறலும் வருகிறது: 2014 விதிகளின்படி மூச்சு தீர்ந்தவர் குறிப்பிட்ட சுற்றுகளுக்குப் பிறகு சேதமின்றியே பூஜ்யத்துக்கு விழுகிறார். தண்ணீருக்கடியில் சிக்கியவரை டெத் வார்டு விழாமல் தாங்காது.

நான் ஏன் இதைக் கவனிக்கவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லியே ஆக வேண்டும். நான் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டது 2003இல் வந்த 3.5 பதிப்பில். அந்தப் பதிப்பிலும் டெத் வார்டு என்ற மந்திரம் உண்டு. பெயர்தான் ஒன்று, வேலை வேறு. அது ஹிட் பாயிண்டைப் பற்றிப் பேசவே பேசாது. மரண மந்திரங்கள், மாய மரண விளைவுகள், எனர்ஜி டிரெயின், நெகட்டிவ் எனர்ஜி ஆகிய வகைகளைச் சேர்ந்த எதுவும் மந்திரம் பெற்றவரைத் தொடாது என்று சொல்லும். வேறு வகைத் தாக்குதல்கள், அவை உயிரையே எடுப்பவையாக இருந்தாலும், தன் பொறுப்பல்ல என்றும் சொல்லிவிடும். அதே பதிப்பில் பான்ஷியின் ஓலத்தைப் பெயராகக் கொண்ட ஒன்பதாம் நிலை மந்திரம் ஒன்று உண்டு. அது மரண வகையைச் சேர்ந்தது என்று அதன் தலைப்புக்குக் கீழேயே குறித்திருக்கும். ஆகவே பான்ஷியின் ஓலம் என்றாலே டெத் வார்டு தடுக்கும் என்பது பல ஆண்டுகள் ஆடி ஆடி என் நாக்கில் ஊறிப்போன விடை. 3.5 பதிப்பிலிருந்து கிளைத்து 2009இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டு அந்த முழுத் தடையைத் தளர்த்தி, மரண விளைவுகளுக்கு எதிரான சேவிங் த்ரோவில் 4 கூட்டுவதாக மாற்றியது. ஆயினும் எந்த வகையிலிருந்து வருகிறது என்று கேட்கும் பழைய தன்மையை விடவில்லை. ஐந்தாம் பதிப்பின் டெத் வார்டோ வகையைக் கேட்பதே இல்லை. தாக்கியது பேயா வாளா என்பது அதற்கு ஒன்றுதான். தாக்கியபோது என்ன நடந்தது என்பதை மட்டுமே அது கேட்கிறது. பழைய பதிப்பின் விடையைப் புதிய பதிப்பின் கேள்விக்குச் சொன்னதுதான் நான் செய்த பிழை.

இப்போது ரிலென்ட்லெஸ் என்டியூரன்ஸை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்; இந்த நிகழ்வின் மையமே இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. அத்திறனின் வாசகத்தில் சேதம் என்ற சொல்லே இல்லை. பூஜ்யத்துக்கு எப்படி வந்தார் என்று அது விசாரிப்பதில்லை. நேரடியாகக் கொல்லப்படாமல் இருந்தால் போதும். எனவே பான்ஷியின் ஓலத்துக்கு எதிராக அது செல்லுபடியாகும். ஆனால் எஞ்சிய சேதம் உச்சவரம்பைத் தாண்டி உடனடி மரணம் நிகழும்போது அது கைவிரித்துவிடும். டெத் வார்டு இதற்கு நேர்மாறு. சேதத்தால் விழவிருக்கிறார் என்றவுடனேயே அது குறுக்கிட்டு, பூஜ்யத்தை ஒன்றாக மாற்றிவிடுகிறது. உடனடி மரண விதி தொடங்குவதற்குச் சேதம் அவரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். அவர் பூஜ்யத்தைத் தொடவே இல்லை. ஆகவே எஞ்சிய சேதத்தை எண்ணும் கட்டமே வருவதில்லை. 21 அல்ல, 210 சேதம் வந்தாலும் அவர் ஒரு ஹிட் பாயிண்டோடு நிற்பார்.

ஆக, ஒரு காப்பு ஓலத்துக்கு, மற்றொன்று பேரடிக்கு. அன்று மேசையில் அந்த இரண்டு அபாயங்களும் சரியாக அந்த வரிசையில்தான் வந்தன. நான் இரண்டாவதுக்கு உரிய காப்பை முதலாவதுக்குச் செலவழித்தேன். இரண்டாவது வந்தபோது அதற்குப் பொருந்தாத காப்புதான் மிச்சம் இருந்தது.

இங்கே லைஃப் டிரெயின் செய்த வேலையையும் தனியாகக் கவனிக்க வேண்டும். ஏழாம் நிலை ஃபைட்டர் ஒருவர் உடனடி மரண விதியால் சாவது அரிது. உச்சவரம்பு 60 இருக்கும்போது, ஒரு ஹிட் பாயிண்டோடு நிற்பவரைக்கூட அந்த விதியால் கொல்ல ஒரே அடியில் 61 சேதம் வேண்டும். உச்சவரம்பு 18 ஆன பிறகு 19 போதும். அதாவது ரெய்த் தன் முதல் இரண்டு அடிகளால் ஃபைட்டரின் ஹிட் பாயிண்டைக் குறைத்ததோடு நிற்கவில்லை. அவர் நேரடியாகக் கொல்லப்படுவதற்கான வாசலையும் தன்னுடைய சராசரி அடி நுழையும் அளவுக்குத் தாழ்த்திவிட்டது. உச்சவரம்பைக் குறைக்கும் எதிரிகள் வரும் ஆட்டத்தில், வீழ்ந்தவரைத் தாங்கும் திறன்களில் எவையெல்லாம் “நேரடியாகக் கொல்லப்படாத” என்ற நிபந்தனையோடு எழுதப்பட்டிருக்கின்றனவோ அவையெல்லாம் ஓசையின்றி வலுவிழக்கின்றன. வெறிகொண்டு போரிடும் பார்பேரியன் வகை வீரருக்கு உள்ள ரிலென்ட்லெஸ் ரேஜ் திறன் இப்படி எழுதப்பட்டதே. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் ஆர்க் இனத்தவருக்கு உள்ள ஃபெராசிட்டியும் உடனே கொல்லப்படாதவருக்குத்தான் உதவும்.

சரியான தீர்ப்பைக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அடுத்துப் பார்ப்போம். ஓலம் வருகிறது, டெத் வார்டு அசையவில்லை, ஃபைட்டர் ரிலென்ட்லெஸ் என்டியூரன்ஸைப் பயன்படுத்தி ஒன்றில் நிற்கிறார். இதுவரை மேசையில் தெரிந்த காட்சி அப்படியே இருக்கிறது. ரெய்த் அடிக்கிறது, 21 சேதம், டெத் வார்டு குறுக்கிடுகிறது, ஒன்றிலேயே நிற்கிறார், மந்திரம் கலைகிறது. ஏற்கெனவே ஒன்றில் இருப்பவர் எப்படி ஒன்றுக்கு “விழ” முடியும் என்று கேட்பவர்கள் உண்டு; விழவிருந்தது பூஜ்யத்துக்கு, நின்றது ஒன்றில், அதற்குமேல் அந்தச் சொல்லைப் பிழிய வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஆனால் அடி அத்தோடு முடிவதில்லை. லைஃப் டிரெயினின் சேவிங் த்ரோ இன்னும் மிச்சம். அதில் தவறினால் உச்சவரம்பு எவ்வளவு குறையும்? ஹிட் பாயிண்ட் ஒன்றிலிருந்து ஒன்றுக்கே வந்திருப்பதால் இழப்பு ஏதும் இல்லை என்று வாதிடலாம். நான் அதை ஏற்கவில்லை. விதி சொல்வது வாங்கிய சேதத்தின் அளவு. வார்டு சேதத்தைக் குறைக்கவில்லை, அதன் முடிவை மட்டுமே மாற்றியது. வாங்கிய சேதம் 21தான். 18லிருந்து 21 கழிந்தால் உச்சவரம்பு பூஜ்யம், மரணம். அந்த மரணத்தை டெத் வார்டின் இரண்டாவது பிரிவு தடுக்குமா என்றால், தடுக்காது. அது சேதம் விளைவிக்காத விளைவா என்ற சிக்கலான விவாதத்துக்குள் போகத் தேவையே இல்லை; சேதம் முதலில், சேவிங் த்ரோ பிறகு; சேதத்தின்போதே மந்திரம் முடிந்துவிட்டது. ஆகவே ஃபைட்டரின் உயிர் அந்த ஒரு உருட்டலில்தான் இருந்திருக்கும். இலக்கு 14, கூட்டெண் 5. பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் பன்னிரண்டு முகங்கள். நூற்றுக்கு அறுபது வாய்ப்பு. என் தீர்ப்பு அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த அறுபதைத்தான்.

ஓலத்தில் விழுந்தபோது தன் இனத்திறனைச் செலவழிக்காமல் விட்டிருந்தால் என்ன என்றும் ஃபைட்டராக ஆடியவர் கேட்டார். அத்திறன் விருப்பத்துக்கு உட்பட்டது. பயன்படுத்தாமல் பூஜ்யத்தில் விழுந்து கிடக்கலாம். அப்போது வினோதமான ஒரு நிலை உருவாகிறது: டெத் வார்டு உடம்பின்மேல் முழுதாக இருக்கிறது, உடம்போ பூஜ்யத்தில் கிடக்கிறது. ஏற்கெனவே பூஜ்யத்தில் இருப்பவர் சேதத்தால் பூஜ்யத்துக்கு “விழ” முடியாது. ஆகவே முதல் பிரிவு விழித்துக்கொள்ளாது. பூஜ்யத்தில் இருப்பவர் வாங்கும் அடி அவருடைய உச்சவரம்புக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் உடனடி மரணம். அது சேதத்தோடு வரும் மரணம் என்பதால் இரண்டாவது பிரிவும் விழித்துக்கொள்ளாது. 21 சேதம், 18 உச்சவரம்பு. மந்திரம் மேலே இருக்க, ஆள் கீழே இறந்திருப்பார். கிளெரிக் இடையில் ஹீலிங் வேர்டு என்ற குணமாக்கும் மந்திரத்தைப் போட்டு ஒரே ஒரு ஹிட் பாயிண்டாவது கொடுத்திருந்தால் மட்டுமே அந்த வார்டுக்கு மறுபடி உயிர் வந்திருக்கும். மரணத்தைத் தடுக்கும் மந்திரம் என்று பெயர் பெற்ற ஒன்று, சாகக் கிடப்பவருக்குத்தான் மிகக் குறைவாக உதவுகிறது என்பது இந்த ஆய்வில் எனக்கே புதிதாகத் தெரிந்த உண்மை. பூஜ்யத்தில் கிடப்பவர் பிழைப்பாரா என்று பார்க்க உருட்டும் மரணச் சேவிங் த்ரோவில் மூன்றாவது முறை தவறுவதை இரண்டாவது பிரிவு தடுக்கும் என்று சிலர் ஆடுகிறார்கள். அது ஒரு விளைவுக்கு ஆளாவது அன்று, சாகும் நிலையின் இயல்பான முடிவு என்பதால் என் மேசையில் அதை அனுமதிப்பதில்லை; மாற்றி ஆடுபவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை.

இரண்டு காப்புகளும் ஒரே தருணத்துக்குப் பொருந்தும்போது எது முந்தும் என்ற கேள்வியும் எழுந்தது. ஒரே நேரத்தில் நிகழ்பவற்றின் வரிசையை, அப்போது யாருடைய முறையோ அந்தப் பாத்திரத்தை நடத்துபவர் தீர்மானிக்கலாம் என்று 2017இல் வந்த ஸனாதார்ஸ் கைடு டு எவ்ரிதிங் என்ற கூடுதல் விதிநூல் சொல்கிறது. இந்த விஷயத்துக்கு அந்த விதி தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன். டெத் வார்டு பேசுவது விழவிருக்கும் நிலையைப் பற்றி. ரிலென்ட்லெஸ் என்டியூரன்ஸ் பேசுவது விழுந்த நிலையைப் பற்றி. விழவிருப்பது விழுவதற்கு முந்தியது. முந்தியது நடந்துவிட்டால் பிந்தியதற்கு இடமில்லை. இதனால் ஆட்டக்காரருக்கு ஒரு சங்கடமும் உண்டு: சேதத்தால் வரும் சாதாரண வீழ்ச்சிக்கு இனத்திறனைச் செலவழித்து, வார்டைப் பேரடிக்கென்று சேமித்துவைக்க அவரால் முடியாது. இனத்திறன் அவர் சொன்னால் வேலை செய்யும். மந்திரம் அவரைக் கேட்காமலேயே வேலை செய்துவிடும்.

2024இல் திருத்தி வெளியிடப்பட்ட பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற அடிப்படை விதிநூலில் டெத் வார்டின் முதல் பிரிவிலிருந்து “சேதம் அடைந்ததன் விளைவாக” என்ற நிபந்தனை நீங்கிவிட்டது. பூஜ்யத்துக்கு விழவிருந்தால் போதும், காரணம் எதுவானாலும் மந்திரம் குறுக்கிடும். இடுக்கு அடைபட்டது, நல்ல திருத்தம், மந்திரத்தை வாங்குபவர் அதனிடம் எதிர்பார்ப்பது அதைத்தான். அந்த வாசகத்தின்படி என் தீர்ப்பு சரியானதாகிவிடும். மற்ற விதிகளும் எண்களும் அப்படியே இருப்பதாகக் கொண்டால், ஃபைட்டர் என் மேசையில் இறந்தபடியேதான் இறந்திருப்பார். பெருந்தன்மையான வாசகம் வார்டை ஓலத்தில் செலவழித்துவிடுகிறது. கஞ்சத்தனமான வாசகம் அதைப் பேரடிக்கு வைத்திருக்கிறது. எது ஆட்டக்காரருக்குச் சாதகம் என்பது அடுத்து எந்த அடி வருகிறது என்பதைப் பொறுத்தது. நான் தீர்ப்புச் சொன்ன கணத்தில் அடுத்த அடி சுவருக்குள் ஒளிந்திருந்தது. அதைத் தெரிந்திருந்த ஒரே ஆள் நான்தான் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இதே கண்ணோடு வேறு சில மந்திரங்களையும் சோதித்துப் பார்த்தேன். பவர் வேர்டு கில் 100 அல்லது அதற்குக் குறைவான ஹிட் பாயிண்ட் உள்ளவரைச் சேதமின்றிக் கொல்கிறது. வார்டின் இரண்டாவது பிரிவு அதைச் செல்லாததாக்கும். இனத்திறன் அங்கே பயனில்லை, ஏனெனில் அவர் பூஜ்யத்துக்கு வருவதில்லை, நேராக இறக்கிறார். டிஸ்இன்டக்ரேட் தன் சேதத்தின் முடிவில் பூஜ்யத்தில் இருப்பவரைத் தூளாக்கும். வார்டு அவரை ஒன்றில் நிறுத்துவதால் தூளாவதில்லை. இல்லிதிட் என்ற எதிரி மூளையை உறிஞ்சும் தாக்குதலும் அப்படியே. கல்லாக மாறுவதையும் வேற்றுலகத்துக்கு அனுப்பப்படுவதையும் வார்டு கண்டுகொள்ளாது.

பாலிமார்ஃப் என்ற உருமாற்ற மந்திரம் மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டியது. 2014 விதிகளில் உருமாறியவருக்கு விலங்கின் ஹிட் பாயிண்ட் கிடைக்கும். அது பூஜ்யமானால் பழைய உருவம் திரும்பும், எஞ்சிய சேதம் பழைய உடம்பைத் தாக்கும். வார்டு பெற்றவர் பெருங்குரங்காக மாறியிருக்கும்போது குரங்கின் 157 ஹிட் பாயிண்டும் தீர்ந்தால், எழுத்தின்படி வார்டு அங்கேயே குறுக்கிட்டு, குரங்கை ஒரு ஹிட் பாயிண்டோடு நிறுத்திவிட்டுக் கலையும். எஞ்சிய சேதம் பெரிதாக இருந்தால் அது லாபம். சிறிதாக இருந்தால், சும்மா கழற்றிப்போட வேண்டிய சட்டைக்காக உயிர்க்காப்பைச் செலவழித்த கதை. 2024 விதிகளில் விலங்கின் அளவுக்குத் தற்காலிக ஹிட் பாயிண்டே கிடைக்கிறது. அது தீர்ந்தால் மந்திரம் முடிகிறது, சொந்த ஹிட் பாயிண்ட் தனியே இருக்கிறது. வார்டு அநாவசியமாகக் கலைவதில்லை.

இந்த நிகழ்வுக்குப் பிறகு என் பழக்கத்தில் ஒரு மாற்றம் வந்தது. யாராவது ஒரு காப்பைச் சொல்லும்போது, அதைக் கேட்டவுடனேயே ஒப்புக்கொள்வதில்லை. அவரையே அந்த வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன், தாக்கும் எதிரியின் வரியை நான் படிக்கிறேன். இரண்டு வரிகளும் அடுத்தடுத்துக் காதில் விழும்போது பொருந்தாத சொல் தானே துருத்திக்கொண்டு தெரியும். அன்று அப்படிச் செய்திருந்தால் “சேதம்” என்ற சொல் ஒரு வரியில் இருந்து மற்றதில் இல்லாமல் போனதை ஐந்து பேருமே கேட்டிருப்போம்.

அடுத்த முறை கூடியபோது நடந்ததை எல்லோரிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஆட்டத்தை அந்த மரணத்திலேயே நிறுத்தியிருந்ததால், திருத்துவது எளிதாக இருந்தது. வேறு எந்தக் காய்நகர்த்தலையும் தொடாமல், எந்தக் காப்பு எங்கே செலவானது என்பதை மட்டும் மாற்றினோம். மிச்சம் இருந்தது அன்று உருட்டப்படாமலே போன அந்த ஒரு சேவிங் த்ரோ. ஃபைட்டராக ஆடியவர் இருபதுமுகப் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். விழுந்தது 7. ஐந்தைக் கூட்டினால் 12, இரண்டு குறைவு. உச்சவரம்பு பூஜ்யமானது. அவர் தன் பாத்திரத்தின் தாளை எடுத்து, 18 என்று எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு 0 என்று தன் கையாலேயே எழுதினார். கிளெரிக்காக ஆடியவர் தன் தாளில் டெத் வார்டின் மேல் இழுத்திருந்த பழைய கோட்டை அழித்து, ரெய்த்தின் மூன்றாவது அடிக்கு நேரே மறுபடி இழுத்தார்.